முதல்ல சிப்... அப்புறம்தான் ஊசி!

எம்.எஸ். பண்ண வெளிநாடு கிளம்புற சீனியர் யாரையாவது பிடிச்சு, "என்னென்ன ரெடி பண்ணணும்?"னு கேட்டுப் பாருங்க. மூச்சு விடாம ஒப்பிப்பாங்க. டிரான்ஸ்கிரிப்ட், எஸ்.ஓ.பி., ரெக்கமண்டேஷன் லெட்டர், பேங்க் பேலன்ஸ், பிரஷர் குக்கர், புளிக்காய்ச்சல், ஆறு மாசத்துக்கான பருப்புப் பொடி... அந்த லிஸ்ட்டுல ஒரே ஒருத்தர் பேரு மட்டும் இருக்காது. பேக்கிங் பண்றப்போ சூட்கேஸுக்குள்ள ஏறிப் படுத்துக்கிட்டு, "நான் இல்லாம எங்கே போறே?"னு பார்க்குமே, அந்த நாலு கால் ஜீவன்!

"நாயை எல்லாமா ஃப்ளைட்டுல கூட்டிட்டுப் போவாங்க?"னு சிரிக்காதீங்க பாஸ். கூட்டிட்டுப் போறாங்க. ஆனா, நம்ம பாஸ்போர்ட், விசாவைவிட அதுக்கு வேலை ஜாஸ்தி. அதுலயும் ஒரு ஸ்டெப் மாறினா, மறுபடியும் பரமபதத்துல ஒண்ணாம் கட்டம்தான். அதைப் பத்தித்தான் இந்த வாரம்.

முதல்ல, ஏன் இவ்வளவு பில்டப்புனு புரிஞ்சுக்கணும். ஒரே காரணம்... ரேபிஸ். வெறிநாய்க்கடி நோய். உலகத்துல வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இதுல சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல நம்ம நாட்டுல. அறிகுறி தெரிய ஆரம்பிச்சிட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறது இல்லை. இந்தக் கிருமி உடம்புக்குள்ள போனதும் உடனே வேலையைக் காட்டாது. வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல சத்தமே இல்லாம பதுங்கி இருக்கும். அதனால, "எங்க நாய் நல்லாத்தானே இருக்கு, பாருங்க, பந்து எல்லாம் எடுத்துட்டு வருது"ன்னு நாம சொன்னா, ரேபிஸை ஒழிச்ச நாடுகள் நம்பத் தயாரா இல்லை. பேப்பர்ல காட்டுங்கிறாங்க. காத்திருந்து காட்டுங்கிறாங்க.

இதுக்கு நான் ஜெர்மனியை உதாரணமா எடுத்துக்கறேன். காரணம் ரெண்டு. ஒண்ணு, எங்க காலேஜ் ஃபைனல் இயர்ல பாதிப் பேர் இப்போ ஜெர்மன் கிளாஸுலதான் இருக்காங்க. ரெண்டு, எங்க தெருவுலேர்ந்து ஒருத்தர் அங்கேதான் போனார். பேரு மணி. வயசு நாலு. எடை 17 கிலோ. சொந்த ஊர், மழை நாள்ல ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. அக்மார்க் தெரு நாய்! விண்ணப்பத்துல 'இனம்'ங்கிற இடத்துல 'கலப்பு'ன்னு போட்டாங்க. மணியோட ஓனர் எங்க பக்கத்து வீட்டு அக்கா. மெக்கானிக்கல் படிச்சிட்டு ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு, மாஸ்டர்ஸ் பண்ண ஸ்டுட்கார்ட்டுக்குக் கிளம்பினாங்க.

ஐரோப்பிய யூனியனுக்குள்ள இந்தியாவுலேர்ந்து ஒரு நாய் நுழையணும்னா ரூட் இதுதான். முதல்ல மைக்ரோசிப். அரிசி மணி சைஸுல ஒரு கண்ணாடிக் குப்பி. ஊசி மூலமா ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில வெச்சிடுவாங்க. பேட்டரி கிடையாது. ஜி.பி.எஸ்.ஸும் கிடையாது (நாய் ஓடிப்போனா மேப்புல தேடலாம்னு கனவு காணாதீங்க). ஸ்கேனரைப் பக்கத்துல கொண்டுபோனா, அந்த ரேடியோ அலையிலேயே பவர் எடுத்துக்கிட்டு தன்னோட 15 இலக்க நம்பரைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் வேலை. இ.சி.இ. பசங்களுக்கு நான் புதுசா சொல்லத் தேவையில்லை, நம்ம காலேஜ் ஐ.டி. கார்டு சங்கதிதான். என்ன, இது 134.2 கிலோஹெர்ட்ஸ். ஐ.எஸ்.ஓ. தரத்துல இருக்குற சிப்பான்னு கேட்டு வாங்குங்க. 

சிப் வெச்ச பிறகு ரேபிஸ் தடுப்பூசி. குட்டிக்குக் குறைஞ்சது 12 வாரம் ஆகியிருக்கணும். ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய யூனியன் அங்கீகரிச்ச லேபுக்கு அனுப்பணும். ரத்தத்துல ரேபிஸுக்கான எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்கணும். அதுதான் பாஸ் மார்க். பாஸ் ஆனாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த தேதியிலேர்ந்து மூணு மாசம் வெயிட்டிங். ஏன்? ஊசிக்கு முன்னாடியே கிருமி உள்ள போயிருந்தா, இந்த மூணு மாசத்துல அது வெளியில தெரிஞ்சிடும்ங்கிற கணக்கு.

கூட்டிப் பாருங்க. ஒரு மாசம், அப்புறம் மூணு மாசம். சாம்பிள் போறது, ரிசல்ட் வர்றது எல்லாம் அந்த மூணு மாசத்துக்குள்ளேயே ஓடிடும். ஆக மொத்தம் நாலு மாசம், அதுவும் எல்லாமே சரியா நடந்தா. ஜெர்மனியில விண்டர் செமஸ்டர் அக்டோபர்ல ஆரம்பம். பல பேருக்கு அட்மிஷன் லெட்டரே ஜூன், ஜூலையிலதான் வரும். விசா கையில கிடைக்க ஆகஸ்ட், செப்டம்பர். "விசா வரட்டும், அப்புறம் நாய் மேட்டரைப் பார்த்துக்கலாம்"னு இருந்தா கதை கந்தல். அதாவது உங்களுக்கு சீட் கிடைக்குமான்னு தெரியறதுக்கு முன்னாடியே, நாய்க்கு வேலையை ஆரம்பிச்சிடணும்!

இப்போ மணி கதைக்கு வர்றேன். மணிக்கு வருஷா வருஷம் ஜனவரியில கரெக்டா ரேபிஸ் ஊசி போட்டுடுவாங்க. அக்கா அந்த விஷயத்துல ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஜூன்ல அட்மிஷன் வந்ததும் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் சிப் வெச்சாங்க. "ஊசிதான் ஜனவரியிலேயே போட்டாச்சே, இன்னும் டைம் இருக்கு. நேரா ரத்தம் எடுத்துடலாம்"னு அங்கே சொல்லியிருக்காங்க. கேட்க லாஜிக்கலாத்தான் இருக்கு, இல்லையா? ஜூலையில ரத்தம் போச்சு. ரிசல்ட் சூப்பர். 0.5-க்கு எவ்வளவோ மேல. அக்கா எங்க வீட்டுக்கு எல்லாம் மைசூர்பாக் கொடுத்தாங்க.

ஆகஸ்ட் கடைசியில, பேப்பரை எல்லாம் எடுத்துக்கிட்டு ஒரு தடவை செக் பண்ணிக்கலாம்னு விலங்கு தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்குப் போனாங்க. பள்ளிக்கரணையில இருக்கு, மத்திய அரசு ஆபீஸ். வெளிநாடு போற நாய், பூனைக்கு எல்லாம் அங்கேதான் ஹெல்த் சர்ட்டிஃபிகேட்டுல அரசு முத்திரை விழும். பேப்பரைப் பார்த்த அதிகாரி ரெண்டே ரெண்டு தேதியைத்தான் விரலால காட்டியிருக்கார். ஊசி ஜனவரி. சிப் ஜூன். 

சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்குலேயே வராது. ஏன்னா, அந்த ஜனவரி ஊசி இதே நாய்க்குத்தான் போட்டதுங்கிறதுக்கு என்ன ஆதாரம்? அட்டையில 'மணி, பிரவுன் கலர்'னு எழுதியிருக்கு. நம்ம ஊர்ல பிரவுன் கலர் மணி எத்தனை லட்சம்! நம்பர் வந்த பிறகு நடந்ததுதான் அந்த நம்பரோட வரலாறு. ஊசி செல்லாதுன்னா அதை வெச்சு எடுத்த ரத்தப் பரிசோதனையும் செல்லாது. எல்லாம் ஜீரோ. மறுபடியும் ஊசி, 30 நாள், ரத்தம், மூணு மாசம். டிசம்பர் கடைசி ஆகிடும். அக்காவுக்கு டிக்கெட் செப்டம்பர் 28.

அன்னிக்கு சாயங்காலம் அவங்க வீட்டு மாடியில நடந்த பஞ்சாயத்துக்கு நானும் போயிருந்தேன். அக்கா அழவே இல்லை, அதுதான் பயமா இருந்துச்சு. "அட்மிஷனை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட முடியுமான்னு மெயில் போடறேன்"னாங்க. அவங்கம்மா, "ஒரு நாய்க்காகவாடி?"ன்னாங்க. அப்பா பேசவே இல்லை. ரொம்ப நேரம் கழிச்சு, "நீ கிளம்பு. லீவுல வா. அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன். உனக்கு முன்னாடி அது எழுந்து என்னோடதானே வாக்கிங் வருது"ன்னார். 

சரி, "அப்பாவே டிசம்பர்ல அனுப்பி வெச்சிடலாமே"ன்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். அங்கேயும் ஒரு ரூல். ஓனர் போற தேதிக்கு முன்னேயோ பின்னேயோ 5 நாளுக்குள்ள செல்லப்பிராணி போயிடணும். அதைத் தாண்டிட்டா அது 'வியாபார' நோக்கத்துல போற விலங்கா கணக்காகும். விதிகள் வேற, பேப்பர்கள் வேற. நம்ம மணியை யார் விலைக்கு வாங்கப் போறாங்க, சொல்லுங்க! ஆனாலும் ரூல் ரூல்தான். அதனால அக்கா செமஸ்டர் பிரேக்குல பிப்ரவரியில வந்து, கூடவே கூட்டிட்டுப் போறதுன்னு முடிவாச்சு. அக்கா கிளம்பின முதல் வாரம் மணி கேட் பக்கத்துலேயே படுத்துக்கிடந்துச்சு. தயிர் சாதத்தைக்கூட மோந்து பார்த்துட்டு விட்டுடுச்சு. வீடியோ காலைப் பத்திக் கேட்காதீங்க. குரல் கேட்டதும் செல்போனுக்குப் பின்னாடி போய்ப் போய்த் தேடும். ரெண்டாவது வாரத்துலேர்ந்து அக்காவே வீடியோ கால்ல பேசறதை நிறுத்திட்டாங்க. அப்பாகிட்ட மட்டும் ஆடியோவுல விசாரிப்பாங்க.

அந்த அஞ்சு மாசத்துல ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. கூண்டுப் பழக்கம்! ஃப்ளைட்டுல நாய் போற பெட்டியைத்தான் சொல்றேன். பல பேர் இதைக் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாங்கி, நாயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துறாங்க. பாவம் அது, என்ன நினைக்கும்? அக்கா வீட்டுல பெட்டியை அக்டோபர்லேயே ஹால்ல வெச்சிட்டாங்க. முதல்ல கதவைக் கழட்டிட்டாங்க. சாப்பாட்டுத் தட்டை உள்ளே வெச்சாங்க. அக்காவோட பழைய நைட்டி ஒண்ணைத் துவைக்காம அப்படியே உள்ள விரிச்சாங்க. நவம்பர்ல மணி தானாவே உள்ளே போய் மத்தியானத் தூக்கம் போட ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம்தான் கதவு. அஞ்சு நிமிஷம், அரை மணி, ரெண்டு மணி நேரம்னு கொஞ்சம் கொஞ்சமா கூட்டினாங்க. பிப்ரவரியில அது மணியோட சொந்த வீடு.

பெட்டி சைஸுக்கு ஃபார்முலாவே இருக்கு மக்களே! 'ஐயாட்டா'ன்னு சொல்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தோட விதிமுறை. மூக்கு நுனியிலேர்ந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் 'ஏ'. தரையிலேர்ந்து முன்னங்கால் முட்டி மூட்டு வரைக்கும் 'பி'. தோள் அகலம் 'சி'. நின்னா தலை உச்சி அல்லது காது நுனி வரைக்கும் உயரம் 'டி'. பெட்டியோட உள் நீளம் ஏ கூட்டல் பி-யில பாதி. அகலம் சி-யைப் போல ரெண்டு மடங்கு. உயரம் டி கூட்டல் விரிப்பு கனம். மணியை அளந்தது நானும் என் டிராஃப்டர் ஸ்கேலும்தான். ஏ 68, பி 30, அதனால நீளம் 83 சென்டிமீட்டர். சி 22, அகலம் 44. டி 58, விரிப்போட 61. (இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் வாழ்க்கையில உதவாதுன்னு யார் சொன்னது?) நாய் உள்ளே நிமிர்ந்து நிக்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். இது மூணும் முடியலைன்னா ஏர்போர்ட்டுலேயே "ஸாரி"ன்னு திருப்பி அனுப்பிடலாம்.

இந்த சைஸுல ஒரு வில்லங்கம் இருக்கு. கார்கோவுல அனுப்பினா, நாயோட எடைக்கு மட்டும் காசு இல்லை. பெட்டி அடைக்கிற இடத்துக்கும் சேர்த்துக் கணக்கு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 6,000-ஆல வகுத்தா 'வால்யூம் எடை' வரும். எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் பில். மணிக்கு வாங்கின பெட்டி வெளியளவு 91, 64, 69. பெருக்கி வகுத்தா 67 கிலோ. பதினேழு கிலோ நாய்க்கு அறுபத்தேழு கிலோ டிக்கெட்! பட்ஜெட் போடும்போது இதை மறந்துடாதீங்க. சில ஏர்லைன்ஸ் சின்ன நாயைக் கேபினுக்குள்ளேயே சீட்டுக்கு அடியில வெச்சுக்க விடும். சில ஏர்லைன்ஸ் லக்கேஜ் கணக்குல ஏத்திக்கும். புக் பண்றதுக்கு முன்னாடியே போன் போட்டுக் கேட்டுடுங்க. ஒரு ஃப்ளைட்டுல இத்தனை நாய்க்குத்தான் இடம்னு லிமிட் வேற உண்டு.

"கீழே லக்கேஜோட லக்கேஜா போட்டா மூச்சு முட்டாதா?"ன்னு அம்மாக்கள் கேட்கிறது நியாயம்தான். விலங்கு ஏத்துற பகுதியில, மேலே நமக்கு இருக்குற அதே காற்றழுத்தம்தான். வெப்பநிலையும் கட்டுப்பாட்டுல இருக்கும். இருட்டும் சத்தமும்தான் பிரச்னை. அதுக்காகத் தூக்க மாத்திரை கொடுத்துடலாம்னு மட்டும் நினைக்கவே நினைக்காதீங்க. மயக்கத்துல இருக்குற நாய்க்கு ரத்த அழுத்தம் குறையலாம், மூச்சு சிரமமாகலாம், பெட்டி ஆடும்போது தன்னை பேலன்ஸ் பண்ணிக்க முடியாது. பக்கத்துல டாக்டரும் இருக்கமாட்டார். பல ஏர்லைன்ஸ் மயக்கத்துல இருக்குற நாயை ஏத்தவே ஏத்தாது. அதுக்குப் பதிலா, கிளம்புற அன்னிக்கு நல்லா ஒரு வாக்கிங், சில மணி நேரம் முன்னாடியே லைட்டா ஒரு சாப்பாடு, தண்ணிக் கிண்ணத்தை ஃப்ரீஸர்ல வெச்சு ஐஸா ஆக்கி மாட்டிட்டீங்கன்னா ஏத்தும்போது சிந்தாது, போகப் போக உருகும். 

ஆனா பக் வெச்சிருக்குறவங்க கொஞ்சம் கவனிங்க. 2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்துக்கு அப்புறம் ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு வாங்கினாங்களே, அந்த சப்பை மூக்குக் குட்டிதான். நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். மூக்கே சப்பையா இருந்தா அதுவே கஷ்டம். டென்ஷனும் வெக்கையும் சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. பல ஏர்லைன்ஸ் பக், புல்டாக் இனங்களைக் கார்கோவுல ஏத்துறதே இல்லை. அப்படி இருக்கும்போது அலைஞ்சு திரிஞ்சு யாராவது ஏத்துறாங்களான்னு தேடறதைவிட, பாட்டி வீட்டுல விட்டுட்டுப் போறதுதான் அதுக்கு நீங்க செய்ற நல்லதுன்னு நான் நினைக்கிறேன். வயசான நாய், இதயக் கோளாறு இருக்குற நாய்க்கும் இதேதான். யாரும் இல்லைன்னா, மூணு மாசம் முன்னாடியே நல்ல வீடா தேட ஆரம்பிங்க. கிளம்புறதுக்கு முதல் நாள் ஏதாவது காப்பகத்து வாசல்ல கட்டிப்போட்டுட்டு ஓடுறவங்களைப் பத்தி எழுதினா எடிட்டர் வெட்டிடுவார்.

ஜெர்மனிக்குன்னு ஒரு எச்சரிக்கை. பிட் புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷையர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷையர் புல் டெரியர், புல் டெரியர் இந்த நாலு இனத்தையும் உள்ளே கொண்டுபோகத் தடை இருக்கு. 

மத்த நாடுகளையும் ஓடுற ஓட்டத்துல பார்த்துடலாம். பிரிட்டன்ல முன்னெல்லாம் எந்த நாயா இருந்தாலும் ஆறு மாசம் அடைச்சு வெச்சுட்டுத்தான் விடுவாங்க. 2000-த்துலதான் சிப், ஊசி, ரத்தப் பரிசோதனைங்கிற முறை அங்கே வந்துச்சு. ஜப்பானுக்கு சிப் வெச்ச பிறகு ரெண்டு ரேபிஸ் ஊசி, ரத்தம் எடுத்து 180 நாள் வெயிட்டிங். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1-லேர்ந்து விதிகளை மாத்திடுச்சு. ஆறு மாசம் ஆகாத குட்டிக்கு நோ என்ட்ரி. ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகள் பட்டியல்ல நாம இருக்கோம், அதனால குறிப்பிட்ட சில ஏர்போர்ட்டுலதான் இறங்க முடியும். ஆஸ்திரேலியாதான் இருக்குறதுலேயே கறார். இந்தியாவுலேர்ந்து நேரா நாயைக் கொண்டுபோகவே முடியாது. அவங்க ஒத்துக்கிட்ட வேறொரு நாட்டுல தங்க வெச்சு, அங்கேர்ந்துதான். போனாலும் மெல்போர்ன் பக்கத்துல மிக்கில்ஹாம் மையத்துல குறைஞ்சது 10 நாள் தனிமை. 'ஆளைப் பார்த்து விடுவாங்க'ன்னு எல்லாம் கிடையாது. 2015-ல ஜானி டெப்போட ரெண்டு குட்டி நாய்ங்க பிஸ்டலும் பூவும் தனி விமானத்துல பேப்பர் இல்லாம போய் இறங்கிச்சு. "நாட்டை விட்டுக் கொண்டுபோங்க, இல்லேன்னா கருணைக் கொலை"ன்னு கெடு வெச்சார் அந்த ஊர் விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ். அப்புறம் கேஸாகி, 2016-ல ஆம்பர் ஹெர்ட் கோர்ட்டுல தப்பை ஒத்துக்கிட்டு, ரெண்டு பேரும் வீடியோவுல மன்னிப்பு கேட்டாங்க. ஹாலிவுட் ஹீரோவுக்கே அந்தக் கதின்னா நம்மளை என்ன பண்ணுவாங்க!

பிப்ரவரியில அக்கா வந்து இறங்கின ராத்திரி என்ன நடந்துச்சுன்னு எழுத எனக்கு இடம் பத்தாது. தெருவே எழுந்திரிச்சிடுச்சு, அவ்வளவு சத்தம். ஹெல்த் சர்ட்டிஃபிகேட் கையெழுத்தான தேதியிலேர்ந்து 10 நாள்தான் செல்லும்ங்கிறதால, கடைசி வாரம் முழுக்க ஒரே ஓட்டம். பெட்டியோட பிளாஸ்டிக் க்ளிப்பை எல்லாம் கழட்டிட்டு இரும்பு போல்ட் முடுக்கினது நான். 'உயிருள்ள விலங்கு' ஸ்டிக்கர் ஒட்டினது அக்கா. ஏர்போர்ட்டுல மணியை ஒப்படைச்சிட்டுத் திரும்பும்போது அப்பா கையில வெறும் கழுத்துச் சங்கிலி மட்டும் இருந்துச்சு. காருக்குள்ள யாரும் பேசலை. ஃபிராங்க்ஃபர்ட்டுல இறங்கினதும் மணியோட சிப்பை ஸ்கேன் பண்ணி, 15 இலக்கத்தையும் பேப்பரோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்த்து வெளியே விட்டாங்களாம். 

அங்கே போனாலும் சில வேலை பாக்கி. பல ஹாஸ்டல்கள்ல நாய்க்கு இடம் கிடையாது. வீடு தேடும்போதே ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க. நாய்க்கு வரி கட்டணும். ஆமா, நாய்க்கு வரிதான்! நாயைப் போதுமான அளவு வெளியே கூட்டிட்டுப் போகணும்னு சட்டமே இருக்கு. ஸ்னோவுல முதல் நாள் மணி காலை வெச்சிட்டு, வெச்ச வேகத்துல எடுத்துடுச்சாம்.

லீவுக்கு ஊருக்கு நாயோட வரணும்னா, நம்ம தனிமைப்படுத்தல் அலுவலகத்துல முன்கூட்டியே என்.ஓ.சி. வாங்கணும். அந்த 0.5 ரத்தப் பரிசோதனை இருக்கே, ஐரோப்பிய யூனியனைப் பொறுத்தவரை ஒரு தடவை பாஸானா போதும். ஆயுசுக்கும் செல்லும். ஆனா ஒரு கண்டிஷன்... அதுக்கப்புறம் போடற ரேபிஸ் ஊசி எதுவும் கெடு தாண்டவே கூடாது. ஒரு நாள் தாண்டினாலும் திரும்ப ஊசி, 30 நாள், ரத்தம், மூணு மாசம். அடுத்த ஊசி தேதியை ஃப்ரிட்ஜ் கதவுல பெருசா எழுதி ஒட்டிடுங்க. அட்மிஷன் வருமோ வராதோன்னு யோசிச்சிட்டு இருக்குறவங்க, இந்த சனிக்கிழமையே சிப்பை வெச்சிட்டு வந்துடுங்க. சீட் கிடைக்கலைன்னாலும் சிப் வீணாகாது. சென்னையில 2025-லேயே நாய்க்கு லைசென்ஸும் மைக்ரோசிப்பும் மாநகராட்சி கட்டாயம் ஆக்கிடுச்சு.